டெல்லிக் கணக்கில் நம்ம ஊர்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் அமெரிக்காவில் இருக்கும் நம் பழைய மாணவன் ஒருவன் பேசினான். அவன் குடியிருக்கும் சின்ன நகரத்தில் பட்ஜெட்டில் துண்டு விழுகிறதாம். பழைய தொழிற்சாலைகள் மூடிவிட்டன, வரி வருமானம் குறைந்துவிட்டது. அந்த ஊர் மேயர் வாஷிங்டனுக்கு எழுதி நிதி கேட்டிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டு அவன் கேட்டான்: "சார், நம்ம கள்ளக்குறிச்சி முனிசிபாலிட்டி இப்படி நேரா டெல்லிக்கு எழுதிப் பணம் கேட்க முடியாதா?"

"எழுதலாம்டா, தபால் செலவுதான் மிச்சம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அப்புறம் யோசித்தேன். வகுப்பில் இருந்தால் இப்படிப் பதில் சொல்லித் தப்பித்திருக்க மாட்டேன். அதனால் முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவன் நாட்டுக் கதை. ஊர் ஒன்று மத்திய அரசிடம் கையேந்திய கதைகளில் பெரியது நியூயார்க் நகரத்துடையது. 1975-இல் அந்த மாநகரம் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் திவாலாகும் நிலைக்கு வந்தது. அதிபர் ஃபோர்டு அக்டோபரில் உதவ மாட்டேன் என்றார். டிசம்பரில் மனம் மாறி, ஆண்டுக்கு 230 கோடி டாலர் வரை கடன் தரும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்கு முந்தைய ஆண்டு, 1974-இல், அங்கே இன்னொரு சட்டம் வந்தது. நகர வளர்ச்சிக்கான மானியம் அது. பொதுவாக 50,000 பேருக்கு மேல் உள்ள நகரங்களுக்கு அந்தப் பணம் மத்திய அரசிடமிருந்து நேராக வரும். அதற்குக் குறைந்த ஊர்களுக்கு மாநிலம் வழியாக வரும்.

2011 கணக்கெடுப்பில் கள்ளக்குறிச்சி நகராட்சியின் மக்கள்தொகை 52,508. அதாவது நம் ஊர் அமெரிக்காவில் இருந்திருந்தால் மயிரிழையில் தேறியிருக்கும்!

நம் நாட்டில் அந்த நேர்வழி இல்லை. நம் அரசியலமைப்பில் உள்ளாட்சி மாநிலத்தின் பொறுப்பு. 1882-இல் ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானம் கொண்டுவந்தார். 1920-இல் வந்த சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம்தான் 2023 வரை நம் நகராட்சிகளை நடத்தியது. 1992-இல் 74-ஆவது திருத்தம் வந்து நகராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்தது. 18 பணிகளைப் பட்டியல் போட்டது. பணிகளைச் சொன்ன அளவுக்குப் பணத்தைச் சொல்லவில்லை. பணத்துக்கு இரண்டு குழுக்களைக் காட்டியது: மாநில அளவில் ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாநில நிதி ஆணையம், டெல்லியில் மத்திய நிதிக்குழு.

ஆக, ஒரு நகராட்சியின் கையில் மூன்று பைகள். முதல் பை சொந்தப் பை: சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், பேருந்து நிலையக் கடை வாடகை, சந்தைக் குத்தகை. இரண்டாவது பை மாநிலத்துடையது: மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் பத்தில் ஒரு பங்கு உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. மூன்றாவது பைதான் டெல்லிப் பை. அதில் நிதிக்குழு மானியமும், அவ்வப்போது வரும் திட்டங்களும் உண்டு. அதுவும் மாநிலக் கஜானா வழியாகத்தான் வந்து சேரும்.

டெல்லிப் பை எப்போது திறக்கும்? என் அறிவுக்கு எட்டியவரை, நம் பகுதியின் இருபது வருடக் கதையைப் பார்த்தால் பதில் ஒன்றுதான். கஷ்டத்தைச் சொன்னால் மட்டும் திறக்காது. ஏதாவது ஒரு பட்டியலில் நம் பெயர் இருந்தால் திறக்கும். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

என் தலைமுறைக்குத் தெரியும், நாமெல்லாம் தென்னாற்காடு மாவட்டம். கலெக்டரைப் பார்க்கக் கடலூர் போக வேண்டும். 1993 செப்டம்பர் 30-இல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது. கடலூர் விழுப்புரமாக மாறியது, அவ்வளவுதான். கல்வராயன் மலைக்காரர் ஒருவருக்கு ஒரு மனு கொடுக்க ஒரு நாள் கூலியும் இரண்டு பஸ் டிக்கெட்டும் போகும்.

அந்த விழுப்புரம் மாவட்டம் டெல்லிப் பட்டியலில் முதலில் ஏறியது 'பின்தங்கிய மாவட்டம்' என்ற பெயரில். 2006 பிப்ரவரி 2-இல் நூறு நாள் வேலைத் திட்டம் நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் ஆறு மாவட்டங்கள்: விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை. அடுத்து 250 மாவட்டங்களுக்குப் பின்தங்கிய பகுதிகள் மானிய நிதி வந்தது. அதிலும் இதே ஆறுதான். மற்ற திட்டங்களில் விட்டுப்போன இடைவெளியை நிரப்ப, ஊராட்சிகளும் நகராட்சிகளும் தாங்களே திட்டம் போட்டு, மாவட்டத் திட்டக் குழு அதைத் தொகுத்து அனுப்ப வேண்டும் என்பது அதன் விதி. கீழிருந்து மேலே போகிற பணம். பின்தங்கியவர் என்று பெயர் வாங்குவது பெருமையா என்று அன்று சிலர் கேட்டார்கள். பெருமை இல்லைதான். ஆனால் அந்தப் பெயர் இருந்ததால் பணம் வந்தது. 2015-இல் மத்திய அரசு அந்த நிதியை நிறுத்தியது. பெயரும் போனது, பணமும் போனது.

அதே 2015-இல் அம்ருத் திட்டம் வந்தது. குடிநீர், பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால், பூங்கா எல்லாம் அதில் உண்டு. ஒரு லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்களுக்கு என்று கோடு போட்டார்கள். நமக்கு 52,508. பாதி வழியில் நின்றோம். சீர்மிகு நகரங்கள் நூறிலும் நமக்கு இடமில்லை. 2021 அக்டோபரில் வந்த இரண்டாவது அம்ருத்தில்தான் எல்லா நகராட்சி, பேரூராட்சிகளையும் சேர்த்தார்கள். ஆறு வருடம் பெரிய ஊர்கள் வாங்கிக்கொண்டிருந்தன, நாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். நம் ஊரில் தண்ணீர்க் கஷ்டம் இல்லை என்பதாலா? இல்லை. கோட்டுக்குக் கீழே இருந்தோம், அதுதான் காரணம்.

இப்போது நல்ல கதை ஒன்று. 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது, மாநிலத்தின் 34-ஆவது மாவட்டம். பட்டாசு வெடித்தோம். கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்துவிட்டது என்று மட்டும் நினைத்தோம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அப்போது மத்திய அரசு, மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டங்களுக்கு முன்னுரிமை கொடுத்துப் புதுக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு கல்லூரிக்கு 325 கோடி ரூபாய். அதில் 195 கோடி மத்திய அரசு, 130 கோடி மாநில அரசு. விழுப்புரத்தில் 2010-லிருந்தே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாம் விழுப்புரத்தோடு இருந்திருந்தால் அந்தப் பட்டியலில் நமக்கு வேலையே இல்லை. தனி மாவட்டம் ஆனதால் 'கல்லூரி இல்லாத மாவட்டம்' ஆனோம். 2022 ஜனவரி 12-இல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் நம்முடையதும் ஒன்று. சிறுவங்கூர் பக்கம் போகும்போது அந்தக் கட்டடத்தைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரும் மக்களும் அதே ஊர், அதே மக்கள்தான். வரைபடத்தில் ஒரு கோடு மாறியது, ஆஸ்பத்திரி வந்தது.

அதே கோடு ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்தது. தமிழ்நாட்டில் 2016-இல் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் வழக்குகளில் சிக்கி நின்றது. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை, தனி அலுவலர்கள்தான் நிர்வாகம். மன்றம் இல்லாத உள்ளாட்சிக்கு மானியம் இல்லை என்று சொல்லி மத்திய அரசு நிதிக்குழுப் பணத்தை நிறுத்தி வைத்தது. மாநில அமைச்சர்கள் டெல்லிக்குப் பலமுறை போய்க் கேட்டார்கள். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. புதிதாகப் பிரித்த மாவட்டங்கள், பிரிபட்ட பழைய மாவட்டங்கள் என்று ஒன்பதை மட்டும், வார்டு எல்லையைச் சரிசெய்த பிறகு நடத்துங்கள் என்று உச்ச நீதிமன்றம் தள்ளி வைத்தது. அந்த ஒன்பதில் நாமும் உண்டு. நம் ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல். நகராட்சிக்கு 2022 பிப்ரவரி 19. கிட்டத்தட்ட ஐந்து வருடம் வார்டு மெம்பர் என்று ஒருவர் கிடையாது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நின்றோமே, நினைவிருக்கிறதா?

2022 ஏப்ரலில் இன்னொன்று நடந்தது. சொத்து வரி உயர்வு. நம் போன்ற நகராட்சிகளில் 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். அன்று வாட்ஸ்அப் குரூப்பில் நீங்கள் போட்ட சண்டை எனக்கு இன்னும் மறக்கவில்லை. நானும்தான் முணுமுணுத்தேன். அதன் பின்னால் இருந்தது 15-ஆவது நிதிக்குழு. 2021 முதல் 2026 வரை நகர உள்ளாட்சிகளுக்கு 1,21,055 கோடி ரூபாய் ஒதுக்கியது. பெருநகரங்கள் நீங்கலாக மற்ற ஊர்களுக்கு 82,859 கோடி. ஆனால் நிபந்தனை போட்டது: கணக்கைத் தணிக்கை செய்து பொதுவில் வை, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவு அறிவி, மாநிலப் பொருளாதாரம் வளரும் வேகத்துக்கு வரி வசூலையும் வளர்த்துக் காட்டு. இல்லையென்றால் மானியம் கிடையாது. கொடுக்கும் பணத்திலும் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும். மீதி 40 சதவீதத்தைச் சம்பளத்துக்குத் தொடக்கூடாது.

இதில் நியாயம் உண்டா? பாதி உண்டு. வாரியிறைக்காமல் கணக்குக் கேட்பது சரி. ஆனால் சர்க்கரை ஆலைப் பாக்கிக்காகக் காத்திருக்கிற கரும்பு விவசாயியையும், மாதம் பூராவும் கொல்லுப்பட்டறையில் நிற்பவரையும் வைத்துக்கொண்டு ஒரு ஊர் எவ்வளவு வரி கூட்ட முடியும்? சம்பாதிக்கிற ஊர் வரி கட்டி மானியமும் வாங்கும். சம்பாத்தியம் குறைந்த ஊர் இரண்டிலும் பின்னால் நிற்கும்.

இனி மலைக்கு வருகிறேன். நம் ஊர்க் கதை என்று சொல்லிவிட்டு மலையை விட்டால் அது பாதிக் கதை.

கல்வராயன் மலையில் நம் பக்கம் மூன்று ஜாகீர்கள் இருந்தன: சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் ஜாகீர்கள். நாடு 1947-இல் விடுதலை அடைந்தது. ஜமீன்தாரி முறை ஒழிந்தது. மலையில் மட்டும் ஜாகீர் நீடித்தது. 1976-இல்தான் அரசு அதை எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில்தான் ஒருங்கிணைந்த பழங்குடியினர் வளர்ச்சித் திட்டமும் கொல்லிமலை, ஏற்காடு, ஜவ்வாது மலை, கல்வராயன் மலை போன்ற மலைகளுக்கு வந்தது. ஆக, மலைக்கு அரசு என்ற ஒன்று போய்ச் சேர்ந்தே ஐம்பது வருடம்தான் ஆகிறது.

அங்கேயும் பட்டியல்தான் பேசுகிறது. அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் பழங்குடிப் பகுதிகளாக அறிவித்த மாநிலங்கள் பத்து. தமிழ்நாட்டில் ஒரு மலைகூட அதில் இல்லை. 'மலையாளி' என்ற பழங்குடிப் பெயரும் மாவட்டப் பெயர் பார்த்துத்தான் பட்டியலில் இருக்கிறது. தென்னாற்காடு அதில் இருப்பதால் நம் மலை மக்களுக்குச் சான்றிதழ் உண்டு. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருக்கும் அதே மலையாளி மக்கள் பல காலமாக அதற்காகப் போராடுகிறார்கள். 2023 நவம்பரில் மத்திய அரசு தொடங்கிய பழங்குடியினர் பெருந்திட்டம் மிக நலிந்த 75 பழங்குடிகளுக்கு. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குரும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆறு பேர். நம் மலையாளிகள் அதில் இல்லை.

2024 ஜூனில் கருணாபுரத்தில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அன்று முதலில் அவர்களைக் கொண்டுபோனது அந்தப் புது மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத்தான். அதற்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே ஒரு வழக்கை எடுத்தது. கல்வராயன் மலையில் சாலை எங்கே, ஆஸ்பத்திரி எங்கே, பிழைப்பு எங்கே என்று அரசைக் கேட்டது. டெல்லிக்கும் சென்னைக்கும் மலையின் பெயர் கேட்க இத்தனை உயிர் போக வேண்டியிருந்தது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

என் சொந்த அனுபவம் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2001 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு எங்களைப் போன்ற வாத்தியார்களைத்தான் போட்டார்கள். எனக்கு மலையில் ஒரு ஊர் கிடைத்தது. போனால் வரிசையாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. திண்ணையில் ஒரு பாட்டி மட்டும் ஆட்டுக்குட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எல்லாரும் காப்பித் தோட்டத்துக்குப் போயிருக்காங்க சாமி, பங்குனிக்குத்தான் வருவாங்க" என்றார். கணக்கெடுப்புக் காலமான பிப்ரவரி 9 முதல் 28 வரை முழுக்க வெளியூரில் இருப்பவரை அவர் இருக்கும் இடத்தில்தான் எண்ண வேண்டும் என்பது விதி. அந்த மக்கள் கணக்கில் விடுபட்டிருக்க மாட்டார்கள். ஆனால் நம் மலையின் கணக்கில் இல்லை, கர்நாடகத்தின் ஏதோ ஒரு எஸ்டேட் கணக்கில் இருந்தார்கள். பிழைப்பு இல்லாததால் வெளியே போனார்கள். வெளியே போனதால் ஊரின் எண்ணிக்கை குறைந்தது. எண்ணிக்கை குறைந்ததால் ஊருக்கு வரும் பணம் குறையும். விதிப்படி படிவத்தை எழுதிவிட்டு மலை இறங்கினேன். அந்தப் பூட்டு வரிசை மட்டும் இன்னும் கண்ணில் இருக்கிறது.

2021 கணக்கெடுப்பு நடக்கவேயில்லை. அதனால் 15-ஆவது நிதிக்குழு மானியம் பிரித்தது 2011 எண்ணை வைத்துத்தான். பேருந்து நிலையத்தைச் சுற்றி ஊர் எப்படிப் பெருத்துவிட்டது என்று நீங்களே பார்க்கிறீர்கள். மாவட்டத் தலைநகரமாகி எத்தனை ஆபீஸ், எத்தனை குடும்பம் வந்துவிட்டது! குப்பை இன்றைய கூட்டத்துக்கு, பணம் 2011 கூட்டத்துக்கு.

வளர்ச்சி இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. நம் மரச் சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் 2,302 கோடி ரூபாய் முதலீட்டில் 20,000 பேருக்கு வேலை தரும் காலணி ஆலைக்கு 2023 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டார்கள். அதே சமயம், சின்னசேலத்திலிருந்து நம் ஊருக்கு 16 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு 2006-07-லேயே அனுமதி வந்தது. அது எத்தனை வருடம் இழுத்தது என்று உங்களுக்கே தெரியும். பட்டியலில் பெயர் ஏறினால் மட்டும் போதாது, பின்னாலேயே நின்று கேட்கவும் ஆள் வேண்டும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. மூன்று விஷயங்கள் சேர்ந்து வருகின்றன.

ஒன்று, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2027 மார்ச் 1-ஐ வைத்து எண்ணுகிறார்கள். பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் நீங்கள் இருக்கும் இடத்தில்தான் எண்ணப்படுவீர்கள், அது சரி. ஆனால் ஊரில் இருக்கும் உங்கள் அப்பா அம்மா, பக்கத்து வீட்டு வாடகைக் குடும்பம், மலைக்காரர்கள் யாரும் விடுபடாமல் பாருங்கள். மலையில் வேலை பார்க்கும் நம் ஆசிரியர்களே, தோட்டத்துக்குப் போகும் குடும்பங்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். பிப்ரவரியில் அந்த நாட்களுக்குள் இரண்டு நாள் வீட்டுக்கு வந்து போனாலும் அவர்கள் ஊர்க் கணக்கில் சேர வழி உண்டு.

இரண்டு, தேர்தல். நம் ஊராட்சிகளின் ஐந்தாண்டு 2026 அக்டோபரில் முடிகிறது. நகராட்சி மன்றத்துக்கு 2027 மார்ச். மற்ற மாவட்டங்களில் ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். 2016 மறுபடி வந்தால் பணம் மறுபடி நிற்கும். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, தேர்தலை நேரத்துக்கு நடத்தச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்று, 2026 ஏப்ரல் முதல் 2031 வரை 16-ஆவது நிதிக்குழுவின் காலம். புது விதிகளோடு வருகிறது. கிராம சபையிலும் வார்டில் நடக்கும் பகுதி சபையிலும் போய் உட்காருங்கள். "போன வருடம் நிதிக்குழுப் பணம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது?" என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். சொத்து வரியைக் கட்டிவிட்டு ரசீதோடு கேட்டால் குரலுக்குத் தனி மரியாதை.

அமெரிக்காவில் இருக்கும் தம்பிக்கு என் பதில் இதுதான். உங்கள் மேயர் மாதிரி நம் நகராட்சித் தலைவர் டெல்லிக்கு நேராக எழுத முடியாதப்பா. நாம்தான் எழுத வேண்டும், கணக்கெடுப்புப் படிவத்திலும் வாக்குச் சீட்டிலும் வரி ரசீதிலும்.

தவறு ஏதாவது இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். பரீட்சைத் தாளில் உங்கள் தப்பை நான் வட்டமிட்ட மாதிரி என் தப்பையும் வட்டமிடலாம். மலைப்பக்கம் வேலை செய்பவர்கள் அங்கே இப்போது நிலைமை எப்படி என்று கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்